'ஆர்' என்று நிறுத்துகிறவர்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்த்தால் மனிதர் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டக்கூடியவர். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு மனமில்லை. பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பாஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்திலிருக்கும் தெலுக் பங்லிமா காராங்கில், பிளாஸ்டிக் வாளியும் கூடையும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். கிள்ளான்காரர், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் போனவன். எந்திரத்திலிருந்து விழுகிற வாளியை எடுத்து, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, அடுக்கி வைப்பது என் வேலை. எங்களுக்குப் பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமில் ஒரு கடையின் மாடியில் தங்குமிடம். எங்கள் பாஸ்போர்ட்டுகளெல்லாம் அவர் அறையிலிருந்த இரும்பு அலமாரிக்குள் இருந்தன. சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

கத்துகிற ஆள் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, பங்களாதேஷிகள் நேபாளிகள் உட்பட எல்லோருக்கும் கோயில் சுண்டல் கொடுப்பார். அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு சொல். ஆங்கிலத்து 'ஆர்'. அல்லது என்று அர்த்தம்.

"தம்பி, ஆறு மணிக்கு லோரி வந்துரும். அதுக்குள்ள எல்லாத்தையும் கட்டி வச்சிரு, ஆர்..."

அங்கே நிறுத்துவார். சட்டைப்பையிலிருக்கும் பேனாவை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். பாதிச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். திரும்பிப் போய்விடுவார். மீதி வாக்கியத்தை நாமே வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும்.

எனக்கும் அந்தச் சொல்லுக்கும் முன்பு பகை கிடையாது. பரீட்சைக் கேள்வித்தாளில் இரண்டு பெரிய கேள்விகளுக்கு நடுவே, அடைப்புக்குள் 'அல்லது' என்று நிற்குமே, அதைப் பார்த்தாலே எனக்குப் போன உயிர் திரும்பி வரும். மேலே கேட்டது தெரியாவிட்டால் போகிறது, கீழே கேட்டதை எழுது என்று நம்மேல் இரக்கப்படுகிற சொல் அது ஒன்றுதான். மலேசியாவில் இறங்கிய பிறகும் அது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. இங்கே நாள் முழுக்க அதுதான் புழங்குகிறது. சாப்டாச்சா ஆர் நாட் யெட்? வரியா ஆர் நாட்? கேன் ஆர் நாட்? எங்கள் தங்குமிடத்துக்குக் கீழே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற அக்கா, "இங்கயே சாப்பிடறியா, ஆர் கட்டிக் கொடுக்கவா?" என்று கேட்கும்போது அந்த 'ஆர்' எவ்வளவு பிரியமாக இருக்கும். எதைச் சொன்னாலும் அவளுக்குச் சம்மதம். பாஸின் 'ஆர்' மட்டும்தான் ஒற்றைக் கையோடு நின்றது.

அவர் எல்லோரிடமும் அதைச் சொல்வதில்லை. சீன முதலாளி வந்தால் கேன், கேன், அதாவது ஆகட்டும் ஆகட்டும் என்பதைத் தவிர வேறு சொல்லே வாயில் வராது. வீட்டிலிருந்து மனைவி போன் செய்தால் "ஆமா லா, வாங்கிட்டு வரேன் லா" என்று வார்த்தைக்கு வார்த்தை இந்த ஊர் 'லா' சேர்த்துக் குழைவார். எங்களிடம் வரும்போதுதான் வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். வாயிற்கதவுக்கு அருகே ஒரு தெருநாய் படுத்திருக்கும். அதனிடமும் ஒருநாள் "தள்ளிப் படு, ஆர்..." என்றார். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. இவர் சுற்றிக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும்.

நல்லது செய்தாலும் அதையேதான் சொல்வார். எனக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல். தன் காரிலேயே என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வழியில் நிறுத்திக் கஞ்சி வாங்கி, ஆறும்வரை கலக்கிக் கொடுத்தார். பெற்றவர்கள்கூட அவ்வளவு பார்த்துச் செய்வார்களா என்று கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. தங்குமிடத்து வாசலில் இறக்கிவிட்டு, மாத்திரை உறையை என் கையில் வைத்து, "மூணு வேளையும் போட்டுரு தம்பி, ஆர்..." என்றார். பேனாவைத் தட்டினார். கஞ்சி தந்த கையா, பேனாவைத் தட்டுகிற கையா, எது இவர் கை என்று தெரியாமல் படியேறினேன்.

மாலையில் வேனில் திரும்பும்போது எங்களுக்குப் பேச்சே அதுதான். இன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார்? ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் இருந்தார், அவர் சொல்வார், "பெர்மிட்டப் புதுப்பிக்க மாட்டாங்கடா, அதத்தான் சொல்றாரு." இன்னொருவன் லாக்கப் என்பான். எனக்கு எப்போதும் தோன்றியது ஒன்றுதான்: ஊருக்குப் போகிறவனைத் திரும்பி வரவிடாமல் கதவைச் சாத்திவிடுவார். அப்பா வாங்கிய கடன், தங்கை கல்யாணக் கடன் எல்லாம் என் தலைமேல் நின்றன. ஒரே சொல்தான், ஆளுக்கு ஆள் அவரவர் பயம் அதற்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மனிதர் கை ஓங்கவே வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு லாபமான வித்தை பாருங்கள்.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

என் தங்கை மலருக்கு முதல் குழந்தை, பெண். குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மலருக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவுக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கிக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எடுத்தேன். அது பெரிதாக இருக்குமோ என்று இன்னொன்றும் எடுத்தேன். மலர் தினமும் போனில், "அண்ணே, ஓன் மடிதாண்ணே, எம் மாமியா வீட்டுக்காரங்க முன்னாடி எனக்கு அதுதான் கௌரவம்" என்பாள். கல்யாணத்தில் சீர் குறைந்துபோனதை அவள் மாமியார் இன்னும் விடவில்லை. அந்த ஒரு காலைப்பொழுதாவது தங்கை தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் நான் கிடந்து துடித்தேன்.

பாஸின் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே கேட்டார்.

"தாய்மாமன் மடி இல்லாம எப்படித் தம்பி? கண்டிப்பாப் போகணும். எங்க வீட்லயும் அப்படித்தான் செஞ்சோம்."

"பத்து நாள் போதும் பாஸ். உடனே வந்துருவேன்."

"போ லா. யாரு வேணாம்னா? ஆனா இந்த மாசம் பெரிய ஆர்டர் இருக்கு, உனக்கே தெரியும். முடிச்சிட்டுப் போனா நல்லது, ஆர்..."

பேனா. பாதிச் சிரிப்பு. எழுந்து எந்திரங்கள் பக்கம் போய்விட்டார். அலமாரிச் சாவி அவர் இடுப்பில் ஆடிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் முழுக்க வேனில் என் 'ஆர்'தான் அலசப்பட்டது. போகாதேடா, போனால் அவ்வளவுதான் என்றார் ராமநாதபுரத்து அண்ணன். பாதிப்பேர் தலையாட்டினார்கள். நான் போகவில்லை.

வீடியோவில் பார்த்தேன். மலரின் கணவனுக்குச் சித்தப்பா மகன் ஒருவன், அவன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். நான் எடுத்து அனுப்பிய பாவாடையைத்தான் போட்டிருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தபோது குழந்தை வீறிட்டது. பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவி, "மாமன் இருந்தும் மடியில்லாத பிள்ளையாப் போச்சே" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மலருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"லீவு கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன் மலரு."

"தர மாட்டேன்னுட்டாரா?"

"அப்படிச் சொல்லல."

"பெறகு? போகக் கூடாதுன்னாரா?"

"அப்படியும் சொல்லல."

"பெறகு என்னதாண்ணே சொன்னாரு?"

அந்த 'ஆர்' என்கிற சொல்லை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அல்லது என்று சொன்னார் என்றா? அவள் வைத்துவிட்டாள். அதன்பிறகு நாள் கிழமைக்குக் கூப்பிட்டால் நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதோடு சரி. அண்ணே என்பதும் குறைந்துபோயிற்று.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை விதி என்று விட்டிருப்பேன். சில மாதம் கழித்து நேபாளி பிரேம் லீவு கேட்டான். என் எந்திரத்துக்கு அடுத்த எந்திரத்தில் நிற்பவன், தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றான். என் கண் முன்னால்தான் கேட்டான். பாஸ் அதே பாட்டைப் பாடினார். போ, யார் வேண்டாம் என்றது, ஆர்டர் முடித்துவிட்டுப் போனால் நல்லது, ஆர்...

பிரேம் நகரவில்லை. "ஆர் வாட், பாஸ்?" என்றான்.

அவன் எதிர்த்துக் கேட்கவில்லை. அப்பாவி. மீதியையும் சொன்னால்தானே யோசித்து முடிவு செய்யலாம் என்று உண்மையாகவே கேட்டான். பாஸ் அவனைப் பார்த்தார். பேனாவைத் தட்டினார். மறுபடி தட்டினார். முகம் சிவந்தது.

"ஆர்... நத்திங் லா. கோ, கோ."

அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். பிரேம் போனான், தம்பி கல்யாணத்தில் ஆடினான், ஒரு டப்பா நிறைய இனிப்போடு திரும்பி வந்தான். அதே எந்திரம் அவனுக்காகக் காத்திருந்தது. பாஸ் அந்த இனிப்பில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வெரி நைஸ் லா" என்றார்.

நான் வாளியும் கத்தியுமாக நின்றேன். 'ஆர்' சொன்னதற்குப் பின்னால் அந்த மனிதரிடம் ஒன்றுமே இல்லை. நாங்கள் வேன் வேனாக அள்ளிப்போட்டு நிரப்பி வைத்திருந்தோம், அவர் பக்கத்தில் வெறும் பேனாதான். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். போனால் வேலை போகும் என்று சொல்லியிருந்தால், போகட்டும் என்று போயிருந்தாலும் போயிருப்பேன். எதையும் சொல்லாமல் என் தங்கையை ஊர் முன்னால் நிற்கவைத்துவிட்டார். இனி யாரிடம் போய் என்ன கேட்பது? அந்தக் காது குத்தியாகிவிட்டது. அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இந்த ஆள் என் கையில் ஒருநாள் மாட்டாமல் போக மாட்டார் என்று.

மாட்டினார்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போன நான், வேறு பெர்மிட்டில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தேன். சில வருஷத்தில் அடுப்படி முழுக்க என் பொறுப்பானது. முதலாளி இந்த ஊர்க்கார அக்கா, வேலை தெரிந்தவர்களை மதிக்கிறவர். ஒருநாள் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒருத்தர் வேல கேட்டு வந்திருக்காரு. கிள்ளான்காரரு. ஃபேக்டரிய மூடிட்டாங்களாம். வயசு ஆயிருச்சு, பாவமா இருக்கு. நீ வேல செஞ்ச இடம்தானாம். எப்படி ஆளு?"

அவர் பெயரைச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வார்த்தை போதும், அந்தக் கதவை அங்கேயே சாத்தியிருக்கலாம். ஆனால் சாத்திவிட்டால் அவர் வேறு எங்காவது போய் நிம்மதியாக இருந்துவிடுவாரே.

"ரொம்ப நல்லவரு அக்கா. தாராளமாச் சேத்துக்குங்க. ஏங்கிட்டயே போடுங்க" என்றேன்.

மறுநாள் வந்தார். தலை முழுக்க நரைத்து, தோள்பட்டை இறங்கியிருந்தார். என்னைக் கண்டதும், "ஏ தம்பி, நீயா லா!" என்று கட்டிக்கொண்டார். அக்கா அவரிடம், "மூணு மாசம் பாப்போம்ணே. அடுப்படில தம்பி சொல்றதுதான்" என்றார். சரி சரி என்று தலையாட்டினார். தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நான் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன், "என் தங்கச்சி பிள்ள காதுகுத்துக்கு லீவு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எந்தக் காதுகுத்து?" என்றார்.

அந்தத் தேநீரை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழக்கம் போகுமா? இரண்டாம் நாளே பாத்திரம் கழுவுகிறவர்களிடம், "சீக்கிரம் முடிங்க தம்பி, ஆர்..." என்று நிறுத்திப் பேனாவைத் தேடினார். சட்டைப்பை காலி. நான் பின்னால்தான் நின்றேன்.

"ஆர் என்னண்ணே? சொல்லுங்க, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "இல்ல லா, சும்மா..."

"சும்மாவா சொல்லுவீங்க? முடிங்கண்ணே, கேப்போம்."

அடுப்படி முழுக்கச் சிரித்தது. பிறகு அது எங்களுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் போதும், வெங்காயம் உரிப்பவனிலிருந்து இலை கழுவுகிறவன் வரை எல்லோரும் சேர்ந்து, "ஆர் என்னண்ணே?" என்பார்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு வாரத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அடுத்து பேச்சையே குறைத்தார். அப்புறம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் குடிக்கவா தம்பி, கேன் ஆர் நாட்? பாத்ரூம் போகவா தம்பி, கேன் ஆர் நாட்? சோறு போட்டுக்கொள்ளக்கூட என் முகத்தைப் பார்ப்பார். சில வேளை பாவமாக இருக்கும். உடனே அந்தக் கிழவியின் குரலை நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும்.

ஒரு புதன்கிழமை, நான் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தபோது அண்டா அருகே வந்து நின்றார்.

"தம்பி, ஃப்ரைடே காலைல மகளுக்கு ரிஜிஸ்ட்ரேஷன். கிள்ளான்லதான், பத்து மணிக்கு. மத்தியானக் கூட்டத்துக்கு வந்துருவேன். கேன் ஆர் நாட்?"

இங்கே கோயிலில் தாலி கட்டுவதற்கு வெகு முன்னாலேயே பதிவுத் திருமணம் முடிந்துவிடும். பெண்ணும் பையனும் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போடும்போது பெற்றவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். இவருக்கு அவள் ஒரே மகள். தினமும் அவளைப் பற்றித்தான் பேசுவார்.

"கேன். போயிட்டு வாங்கண்ணே" என்றேன்.

அவர் நகரவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. போ என்று சொன்ன பிறகு இன்னொன்று வரும் என்று காத்திருக்கிறார். வெறும் 'போயிட்டு வாங்க' என்பதை அந்த மனிதரால் நம்ப முடியவில்லை. அவர் வாழ்நாளில் யாருக்கும் அதை அப்படிக் கொடுத்தவர் இல்லையே. அவ்வளவுதாண்ணே, வேற ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கரண்டியால் அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். அவரைப் பார்த்துப் பாதிச் சிரிப்பு சிரித்தேன். திரும்பி, குளிர் அறைக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் அடுப்படிக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத, விசேஷத்துக்குப் போடுகிற பூப்போட்ட புது பாத்திக் சட்டை, அதன்மேல் ஏப்ரன். கன்னத்தை வழுவழுவென்று மழித்திருந்தார். மணி ஒன்பதரை.

"போகலையாண்ணே?"

"இல்ல தம்பி. வெள்ளிக்கிழம லா. கூட்டம் இருக்கும். அக்கா வேற மூணு மாசம் பாப்போம்னு சொல்லிருக்காங்க..." என்று இழுத்தார். "அவ அம்மா இருக்காங்க, பாத்துக்குவாங்க."

அப்போதும்கூட ஓடியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் போங்கள் என்று மறுபடி சொல்லவில்லை. பத்தே காலுக்கு அவர் போன் அடித்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்று, "நீங்க முடிச்சிருங்கம்மா, அப்பாவுக்காக வெயிட் பண்ணாதீங்க லா" என்று சொல்வது கேட்டது. திரும்பி வரும்போது சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். எனக்கு மனசு குளிர்ந்ததா என்று கேட்டால், குளிர்ந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

காய்ப் பலகையின் முன்னால் போய் நின்று கத்தியை எடுத்தார்.

"தம்பி, சாம்பாருக்கு முருங்கக்கா நறுக்கவா, ஆர் கத்தரிக்காயா?" என்று கேட்டார்.

"ரெண்டையும் நறுக்குங்க" என்றேன்.